கெட்ட வார்த்தை ஃபில்டர் நல்ல வார்த்தையை ஏன் பிடிக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுசா அம்மா ஆனவங்க பேசிக்கிற ஒரு ஆன்லைன் குழுவுல நான் சில வருஷமா மாடரேட்டரா இருக்கேன். அங்கே வர்ற புகார்ல பாதி "என் மெசேஜ் ஏன் போகலை, நான் என்ன தப்பா எழுதிட்டேன்"ங்கிறதுதான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லிட்டே இருந்தேன், அதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதிட்டேன்.

நான் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதலை. அப்புறம் ஏன் பிளாக் ஆகுது?

ஃபில்டர் நீங்க எழுதினதைப் படிக்கிறதே இல்லைங்க. அதுகிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு, அந்த லிஸ்ட்ல இருக்கிற எழுத்து வரிசை உங்க மெசேஜ்ல எங்கேயாவது வருதான்னு தேடும், வந்தா பிடிச்சுக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. வார்த்தை எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது, யாரு யாருகிட்ட சொல்றாங்க, எதுக்கு சொல்றாங்க, எதுவும் அதுக்குத் தெரியாது. இதுல ரொம்ப பழைய கதை இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்னு ஒரு ஊரு. 1996ல அந்த ஊர்க்காரங்க ஏஓஎல்ங்கிற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனியில அக்கவுண்ட் ஓப்பன் பண்ணப் போனா ஊரு பேரையே ஏத்துக்கலை, ஏன்னா அதை ஆங்கிலத்துல எழுதினா நடுவுல ஒரு அசிங்கமான வார்த்தை உக்காந்திருக்கு. அதனால இன்னைக்கும் இந்த மாதிரி தப்புக்கு ஸ்கன்தார்ப் பிரச்சினைன்னுதான் பேரு.

ஸ்பெஷலிஸ்ட்னு ஆங்கிலத்துல எழுதிப் பாருங்க, உள்ளே சியாலிஸ்ங்கிற ஆண்மைக் குறைவு மாத்திரையோட பேரு முழுசா இருக்கும், சோஷலிஸ்ட்லயும் அப்படியே இருக்கும், அதனால ஸ்பாம் ஃபில்டர் ரெண்டையும் பிடிச்சிருக்கு. தீட்சித்னு பேரு இருக்கிறவங்க ஆங்கிலத்துல எழுதுற ஸ்பெல்லிங்ல கடைசி நாலு எழுத்தைப் பாருங்க, தன்னோட சொந்தப் பேரை ஒரு ஃபார்ம்ல டைப் பண்ணிட்டு "தகாத சொல்"னு பதில் வாங்குறது எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாருங்க. 2021 மார்ச்ல பிரான்ஸ்ல பிட்ச்னு, ஆங்கில வசவு மாதிரியே பேரு இருக்கிற ஒரு ஊரோட ஃபேஸ்புக் பக்கத்தையே தூக்கிட்டாங்க, அடுத்த மாசம்தான் திரும்ப வந்துச்சு.

எந்த வார்த்தைன்னு சொல்லவே மாட்டேங்குதே, எப்படி கண்டுபிடிக்கிறது?

எனக்கு இதுதான் ரொம்ப வலிக்கிற விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணி இருக்கும், குழந்தை பிறந்து பத்து நாள் ஆன ஒரு பொண்ணு, பால் குடுக்கும்போது ரத்தம் வருது, வலி தாங்க முடியலை, நாளைக்கு நிறுத்திடலாமான்னு இருக்குன்னு எழுதியிருந்தா. நான் முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன், குழந்தையை எப்படி பிடிக்கணும், வாய் எவ்வளவு திறக்கணும், எப்போ டாக்டர்கிட்ட உடனே போகணும்னு நாப்பது வரிக்கு உக்காந்து டைப் பண்ணி அனுப்பினேன். "உங்கள் செய்தி சமூக விதிமுறைகளை மீறுகிறது"ன்னு ஒரே வரி வந்துச்சு. எந்த விதி, எந்த வரி, எந்த வார்த்தை, ஒண்ணும் இல்லை.

மெசேஜை பாதியா வெட்டினேன். மேல் பாதி போச்சு, கீழ் பாதி போகலை. கீழ் பாதியை மறுபடி ரெண்டா வெட்டினேன். இப்படி வெட்டி வெட்டி கடைசில ஒரு வரில வந்து நின்னுச்சு: முலைக்காம்பு வெடிப்பு. டாக்டர் எழுதுற வார்த்தை, புத்தகத்துல இருக்கிற வார்த்தை, வேற என்னன்னு சொல்லுவேன் நான் அதை? "மார்போட நுனி"ன்னு மாத்தி அனுப்பினேன், போச்சு. அந்தப் பொண்ணு அதுக்குள்ள தூங்கிட்டா, காலையிலதான் பார்த்திருக்கா. தூங்குற வரைக்கும் அவ யாரும் பதில் சொல்லலைன்னு நெனச்சுக்கிட்டு அழுதிருக்கா.

அந்த ராத்திரி நான் பண்ணின மாதிரி பாதி பாதியா வெட்டுறதுதான் இன்னைக்கும் எனக்குத் தெரிஞ்ச ஒரே உருப்படியான வழி. நாப்பது வரின்னாலும் ஆறு தடவைக்குள்ள அந்த வரி கைக்கு வந்துடும். ஆனா இதை குழுவுல எல்லாரும் பார்க்கிற இடத்துல பண்ணாதீங்க, உங்களுக்கே அனுப்பிக்கிற மெசேஜ்ல பண்ணுங்க, ஏன்னா திரும்பத் திரும்ப அனுப்பினா ஸ்பாம்னு வேற முத்திரை குத்திடும். எழுதினதை முதல்ல நோட்ல காப்பி பண்ணி வச்சுக்கோங்க, சில இடத்துல பிளாக் ஆனா டைப் பண்ணினதே காணாம போயிடும்.

ஏன் வார்த்தையை சொல்ல மாட்டேங்கிறாங்கன்னு கேட்டா, சொன்னா அதை சுத்திப் போற வழியைக் கண்டுபிடிச்சுடுவாங்கங்கிறது அவங்க பதில். திட்டணும்னே வர்றவன் நாலு ஸ்பெல்லிங் போட்டுப் பார்த்து ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுறான், சொல்லாம விட்டதால அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் எல்லாம் எதுவும் தப்பு பண்ணாம எழுதினவங்களுக்குத்தான். இது புதுசும் இல்லை, 1995லயே ஏஓஎல் மார்பகத்தைக் குறிக்கிற சாதாரண ஆங்கில வார்த்தையைத் தடை பண்ணி, மார்பகப் புற்றுநோயைப் பத்திப் பேசிக்கிட்டிருந்த பெண்கள் எல்லாம் மாட்டிக்கிட்டாங்க, கடுமையா எதிர்ப்பு வந்த பிறகுதான் அதை எடுத்தாங்க. முப்பது வருஷம் ஆச்சு, அதே வார்த்தைல அதே மாதிரி பெண்கள்தான் இன்னும் மாட்டுறாங்க.

தங்கிலீஷ்ல எழுதினா ஏன் இன்னும் அதிகமா மாட்டுது?

ஆங்கில லிஸ்ட்டை வச்சு தமிழைத் தேடுறதால. "ஆனால்"ங்கிறதை இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணிப் பாருங்க, கடைசி நாலு எழுத்து ஆங்கிலத்துல ஆசனவாயைக் குறிக்கிற வார்த்தை. மணல், கனல் ரெண்டும் அப்படித்தான். அனல் முழுசாவே அதுதான், ஒரு எழுத்துகூட மாறலை. பேச்சுல பத்து வாட்டி வர்ற "ஆனால்"ல மாட்டிக்கிட்டா மனுஷன் எப்படித்தான் பேசுறது? "ஆனா"ன்னு எழுதினா தப்பிச்சுக்கலாம், நிறைய பேர் அதை ஏன்னு தெரியாமலே பழகிட்டாங்க.

அப்போ தமிழ் எழுத்துலயே எழுதிட்டா பிரச்சினை இல்லையா?

கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் இல்லை, ஏன்னா தமிழ்ல லிஸ்ட்டே இல்லை, யாரு என்ன திட்டினாலும் போயிடும். இப்போ லிஸ்ட் வந்திருக்கு, ஆனா தமிழ் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாதவங்க போட்ட லிஸ்ட்.

மயிர்ங்கிற வார்த்தையை எடுத்துக்கோங்க. பேச்சுல இன்னைக்கு அது வசவு, ஒத்துக்கிறேன். ஆனா குறள்ல 969ஆவது குறளே "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா"ன்னுதான் ஆரம்பிக்குது, மானத்தைப் பத்தின குறள். "மயிரிழையில் உயிர் தப்பினார்"னு எழுதாத செய்தி உண்டா? ஒரு குழுவுல ஒருத்தர் விபத்துல பிழைச்ச அண்ணனைப் பத்தி அப்படி எழுதி அது ஸ்டார் ஸ்டாரா வந்ததை நான் பார்த்திருக்கேன், அந்த இடத்துல அந்த ஸ்டார் எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா.

அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ்ல விகுதி ஒட்டுறது. ஒரு வசவு அஞ்சாறு விதமா முடியும், அதனால லிஸ்ட் போடுறவங்க வார்த்தையோட முன்பாதியை மட்டும் வச்சுக்கிறாங்க, பின்னாடி எது வந்தாலும் பிடிக்கணும்னு. உடனே கணக்கு வாத்தியார் எழுதின சூத்திரம் மாட்டும். உதவின்னு அர்த்தம் வர்ற ஒத்தாசை மாட்டும். ஆறு பெரும்பொழுதுல ஒண்ணான கூதிர்காலம் மாட்டும். ஆங்கிலத்துல இருந்து வந்த வார்த்தையும் தப்பிக்காது, ஸ்விம்மிங் பூல்னு தமிழ் எழுத்துல எழுதினா ரெண்டாவது வார்த்தை முழுசா வசவுதான் ஃபில்டருக்கு. ஒவ்வொண்ணுலயும் எந்த வசவு ஒளிஞ்சிருக்குன்னு நான் எழுதத் தேவையில்லை, தமிழ் பேசுறவங்களுக்குத் தெரியும், தெரியாதது அந்த லிஸ்ட்டுக்குத்தான்.

முழு வார்த்தையா இருந்தா மட்டும் பிடின்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சே?

ஆங்கிலத்துல ஓரளவு முடிஞ்சிடும். தமிழ்ல அது தலைகீழா வேலை செய்யுது, இதை புரோகிராம் எழுதுற தம்பி தங்கச்சிகள் தயவுசெஞ்சு கவனமா படிங்க.

நமக்கு "தி" ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு ரெண்டு: த, அப்புறம் மேல இருக்கிற இகரக் குறியான விலங்கு. கால், கொம்பு, புள்ளி எல்லாமே யூனிகோட்ல, அதாவது கம்ப்யூட்டர்ல எழுத்துக்கு நம்பர் குடுக்கிற முறையில, தனித்தனி குறி. பைத்தான்ங்கிற புரோகிராம் மொழியோட கூடவே வர்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன்ல, அதாவது எழுத்து வரிசையைத் தேடுற கருவியில, இந்தக் குறிகளை எழுத்தாவே எண்ணுறதில்லை, அதுகிட்ட "தமிழ்"ங்கிற வார்த்தையைக் குடுத்து வார்த்தை வார்த்தையா பிரின்னு சொன்னா "தம", "ழ"ன்னு ரெண்டு துண்டா குடுக்கும். இப்போ கூதிரை எடுத்துக்கோங்க. கடைசி எழுத்தை விட்டா வர்ற வசவு, விலங்குல முடியுது. முழு வார்த்தையா மட்டும் பாருன்னு சொன்னா, விலங்குக்கும் ர-வுக்கும் நடுவுலதான் வார்த்தை முடியுதுன்னு அது நெனச்சுக்கும், அதனால கூதிரைப் பிடிக்கும். அந்த வசவையே தனியா எழுதினா? விலங்குக்குப் பின்னாடி ஸ்பேஸ், ரெண்டுமே அதுக்கு எழுத்து இல்லை, அதனால அங்கே வார்த்தை முடியவே இல்லைன்னு விட்டுடும். பருவகாலத்தைப் பத்தி எழுதினவருக்கு தண்டனை, வசவு எழுதினவனுக்கு வழி. நானே போட்டுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னும் மோசம், அங்கே தமிழ் எழுத்து எதையுமே எழுத்தா எண்ணாததால முழு வார்த்தைன்னு சொன்னா தமிழ்ல ஒண்ணையும் பிடிக்காது.

இன்னொண்ணும் உண்டு. "கொ"வை ஒரே உயிர்க்குறியா போடலாம், கொம்பு தனி கால் தனின்னு ரெண்டாவும் போடலாம், திரையில பார்க்க ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திட்டு தேடணும், நிறைய ஃபில்டர்ல அதைச் செய்யறதே இல்லை.

பிளாக் பண்ணாம வேற நல்ல வார்த்தையா மாத்திட்டா நல்லதுதானே?

இல்லவே இல்லை, அதுதான் இருக்கிறதுலயே மோசம். பிளாக் பண்ணினா என் வார்த்தை போகலைன்னு எனக்குத் தெரியும். மாத்தினா நான் சொல்லாததை என் பேர்ல சொல்லிடும். ஆங்கிலத்துல பின்பக்கத்தைச் சொல்ற மூணெழுத்து வசவை எடுத்துட்டு "பட்"னு போடச் சொன்ன ஃபில்டர்கள் கிளாசிக்ங்கிற வார்த்தையை "கிள்பட்டிக்"னு ஆக்கினது ரொம்பப் பிரபலம். யாஹூ மெயில் பாதுகாப்புக்காக மெயிலுக்குள்ள வர்ற இவால்ங்கிற புரோகிராம் கட்டளையை "ரிவ்யூ"ன்னு மாத்தப் போய், இடைக்காலம்னு அர்த்தம் வர்ற மெடீவல் எல்லாம் "மெடிரிவ்யூ" ஆச்சு, 2002ல அது வெளிய தெரிஞ்சுது. 2008ல அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன்ங்கிற கிறிஸ்தவ அமைப்போட செய்தித் தளத்துல கே-ங்கிற வார்த்தை வந்தா ஹோமோசெக்சுவல்னு மாத்துற ஏற்பாடு இருந்துச்சு, ஓட்டப்பந்தய வீரர் டைசன் கே ஜெயிச்ச செய்தியில அவரு பேரு டைசன் ஹோமோசெக்சுவல்னு வந்துச்சு. ஒரு மனுஷனோட பேரை மாத்த இவங்க யாரு?

இவ்வளவு ஃபில்டர் இருந்தும் திட்டுறவங்க எப்படி தப்பிக்கிறாங்க?

நடுவுல புள்ளி வைப்பாங்க, எழுத்துக்குப் பதிலா நம்பர் போடுவாங்க, ரஷ்ய எழுத்துல இருக்கிற அ-வைப் போடுவாங்க, அது பார்க்க இங்கிலீஷ் ஏ மாதிரியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸை நடுவுல செருகுவாங்க. அதைப் பிடிக்க ஸ்பேஸை எல்லாம் எடுத்துட்டுத் தேடுவாங்க, உடனே "பேனா இருக்கு"ன்னு சொல்ற ரெண்டு சாதாரண ஆங்கில வார்த்தை ஒட்டிக்கிட்டு ஆணுறுப்பு ஆயிடும். ஒவ்வொரு தடவை வலையை இறுக்கும்போதும் திட்டுறவன் அடுத்த ஓட்டைக்குப் போயிடுறான், மாட்டுறது அந்த ஓட்டையைத் தேடத் தெரியாத நாமதான்.

ஏஐ வந்துடுச்சே, இனிமே சரியாயிடும்தானே?

லிஸ்ட்டைவிட நல்லதுதான், வாக்கியத்தைப் பார்க்குது. ஆனா 2017ல கூகுளோட சகோதர நிறுவனம் ஜிக்சா பெர்ஸ்பெக்டிவ்னு ஒரு சிஸ்டம் விட்டாங்க, ஒரு வாக்கியம் எவ்வளவு நச்சுன்னு மார்க் போடும், அதே வருஷம் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சாலே மார்க் சரிஞ்சு போறதைக் காட்டிட்டாங்க. 2019ல வந்த ஆய்வுகள்ல அமெரிக்கக் கருப்பின மக்கள் தங்களுக்குள்ள பேசுற ஆங்கிலத்தை இந்த மாதிரி சிஸ்டம் அதிகமா "கேவலம்"னு குறிக்கிறது தெரிஞ்சுது. பேச்சுவழக்கு எழுதுறவங்களுக்கு இது புரியும். "டேய் லூசு, சாப்டியா"ன்னு ஃபிரெண்டு கேக்குறது பாசம், மெஷினுக்கு அது வசவு.

தமிழுக்கு யாரும் எதுவும் பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். 2021ல திராவிட மொழிகளுக்கான ஒரு ஆய்வரங்குல தமிழ், மலையாளம், கன்னட யூடியூப் கமெண்ட்களை, ஆங்கிலம் கலந்ததையும் சேர்த்து, வசவா இல்லையான்னு பிரிக்கிற போட்டியே நடந்துச்சு. அந்த மாதிரி வேலை பத்து மடங்கு நடக்கணும், தமிழ் பேசுறவங்களே உக்காந்து குறிச்சுக் குடுக்கணும்.

அப்போ ஃபில்டரே வேண்டாம்னு சொல்றீங்களா?

இல்லைங்க. ஃபில்டர் இல்லாத நாள்ல ராத்திரியில யாரோ வந்து ஒரே வசவை முன்னூறு தடவை ஒட்டிட்டுப் போனதை நான் கையால அழிச்சிருக்கேன், அதுக்கு மெஷின் வேணும்.

ஆனா என் குழுவுல நான் பார்த்ததிலேயே கொடூரமான மெசேஜ்ல ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. கரு கலைஞ்சு போன ஒருத்திக்கு "உன்னை மாதிரி ஒருத்திக்கு குழந்தை தங்காம போனதே அந்தக் குழந்தைக்கு நல்லது"ன்னு எழுதியிருந்தாங்க. சுத்தமான தமிழ். ஃபில்டர் தொடவே இல்லை. அதே நாள்ல "என் கருப்பை வாய் திறந்திருக்குன்னு டாக்டர் சொன்னாங்க"ன்னு எழுதின பொண்ணோட மெசேஜைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. வார்த்தை காயப்படுத்துறதில்லை, சொல்றவங்க காயப்படுத்துறாங்க, அதை இன்னொரு மனுஷன்தான் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியும்.

நானே ஒரு குழு நடத்துறேன். என்ன மாத்தலாம்?

ரெடிமேடா கிடைக்கிற லிஸ்ட்டை அப்படியே போடாதீங்க, ஒரு தடவை உக்காந்து முழுசா படிங்க, உங்க குழு எதைப் பத்தினதோ அந்தத் துறையில தினமும் புழங்குற வார்த்தை அதுல இருக்கான்னு பாருங்க. 2020ல தொல்லுயிர் முதுகெலும்பிகளை ஆராயுறவங்க ஆன்லைன்ல மாநாடு நடத்தினப்போ ஃபில்டர் "எலும்பு"ங்கிற ஆங்கில வார்த்தையையே தடுத்துச்சு, எலும்பைப் பத்திப் பேசத்தான் அவங்க கூடினதே. அனுமதி லிஸ்ட்னு தனியா ஒண்ணு வைங்க, சூத்திரம், ஒத்தாசை, மயிரிழை எல்லாம் அதுல போடுங்க. சந்தேகம் வந்தா அழிக்காம ஒரு வரிசையில நிறுத்தி வச்சு மனுஷங்க பார்க்கட்டும். அனுப்புறதுக்கு முன்னாடியே "இந்த வார்த்தையால நிக்குது"ன்னு எழுதினவருக்குக் காட்டுங்க, இது ஒண்ணை மட்டும் நாங்க மாத்தினதுல எனக்கு வர்ற புகார் பெரும்பகுதி நின்னு போச்சு. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை பிடிபட்டதை எல்லாம் எடுத்துப் படிங்க, எதை எடுக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

நானே நடுவுல ஸ்டார் போட்டு எழுதிட்டா போதுமா?

சில இடத்துல போகும், சில இடத்துல ஏமாத்தப் பார்க்கிறீங்கன்னு அதுக்கே தடை வரும். மருத்துவ விஷயத்துல ஸ்டார் போடாதீங்க, தேடுறவங்களுக்கு அந்தப் பதிவு கிடைக்காமலே போயிடும்.

அக்கவுண்டையே தடை பண்ணிட்டாங்க. ஏதாவது பண்ண முடியுமா?

முதல்ல வந்த நோட்டீஸை தேதியோட ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்புறம் உங்க மெசேஜோட முழு வாக்கியத்தையும், அந்த வார்த்தைக்கு அங்கே என்ன அர்த்தம்னும் நாலே வரில எழுதி அப்பீல் போடுங்க. கோபத்தை அதுல கொட்டாதீங்க, கோபம் நியாயம்தான், ஆனா அந்த அப்பீலையும் முதல்ல படிக்கிறது பெரும்பாலும் இன்னொரு மெஷின். தமிழ் தெரிஞ்சவங்க பார்க்கணும்னு தெளிவா கேளுங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல இருக்கிறவங்களுக்கு இது சட்டமாவே இருக்கு, டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட்னு 2022ல கொண்டு வந்தாங்க, 2024 பிப்ரவரில இருந்து முழுசா நடைமுறையில இருக்கு, ஒரு பதிவை எடுத்தா ஏன் எடுத்தோம்னு காரணம் சொல்லணும், பெரிய தளங்கள் அப்பீலை மெஷினை மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. அங்கே இருந்தீங்கன்னா அந்தச் சட்டத்தோட பேரைச் சொல்லியே கேளுங்க. மத்த இடத்துல இருக்கிறவங்க முதல் அப்பீல் தள்ளுபடி ஆனதும் விட்டுடாதீங்க, ரெண்டாவது வாட்டி போட்டதுல திரும்பக் கிடைச்சவங்க எங்க குழுவுலயே மூணு பேர் இருக்காங்க.